பெர்னார்டின் கட்டைவிரல்

ஏர்கான் விடியும்வரை ஓடிய அறையில் நனைந்த கோணிச்சாக்கின் வாடை எங்கிருந்து வருகிறதென்று தலையணை, மெத்தை, மருந்துப்பெட்டி, செருப்பு என ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் பெர்னார்ட் தன் வலது கட்டைவிரலை மூக்கருகே கொண்டுபோனார். அங்கேதான்.

நகத்தோரம் மிளகளவு சாம்பல் புள்ளி. நேற்று கடுகளவுதான் இருந்தது. வலியில்லை.

பன்றியின் சிறுநீரகத்தை அவருக்குள் வைத்துப் பதினோரு வாரம். உடம்பு அதை விரட்டிவிடக் கூடாதென்று, உடம்பின் காவலையே மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்திருந்தார்கள். காவல் தூங்குகிற வீட்டில் எதுவும் நுழையலாம். மண்ணிலிருந்து, காற்றிலிருந்து, அந்த மிருகத்திலிருந்தே.

எட்டு மணிக்குக் கைப்பேசியில் மருத்துவமனைத் தாதி ஆயிஷாவின் முகம்.

"அங்கிள், காய்ச்சல்? புதுசா புள்ளி, கட்டி ஏதும்?"

"ஒண்ணுமில்லம்மா."

"இருந்தா மறைக்காதீங்க லா. உங்களுக்கு மட்டுமில்ல, கூட இருக்கிறவங்களுக்கும் ஆபத்து."

"இன்னிக்கு மக கல்யாணம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

சொன்னால் தனியறையில் போட்டுவிடுவார்கள். கோயிலில் கேட்லினைப் பீடம்வரை யார் கைபிடித்து நடத்துவது? விரலில் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டார்.

பாசிர் ரிஸ் வட்டாரத்திலிருந்த அவர் வீட்டின் கூடத்தில் பத்து மணி வெயிலும் ரோஜா வாசமும் முடிக்கு அடித்த ஸ்பிரேயின் நெடியும் உறவுக்காரர்களின் சிரிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில், அவருக்கு மட்டும், கோணிச்சாக்கு.

கோயிலுக்குக் கிளம்புமுன் தகப்பன் கட்டைவிரலால் மகள் நெற்றியில் சிலுவை போட வேண்டும். அது வழக்கம்.

"வாயால ஆசீர்வாதம் பண்றேனே."

"வாயால பண்றதுக்கு நீங்க என்ன பிஷப்பா?" மனைவி லொரைன் அவர் கையைப் பிடித்திழுத்தாள். "இது என்ன பிளாஸ்டர்? போட்டோல அசிங்கமாத் தெரியும்." உருவி எறிந்துவிட்டாள். அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

கேட்லின் மண்டியிட்டாள். கண்ணை மூடி முகத்தை உயர்த்தினாள்.

சொல்லிவிடலாம். இப்போதே. ஒரே வார்த்தை.

கூடம் முழுக்கக் கண்கள்.

இடது கையை நீட்டினார்.

"அப்பா, வலது கை!" என்றாள் அவள், கண்ணைத் திறந்து.

வலது கட்டைவிரலைத் தொட்டும் தொடாமலும் மேலிருந்து கீழே இழுத்தார்.

"சும்மா தடவாதீங்கப்பா. அழுத்திப் போடுங்க."

அழுத்தினார். விரலுக்குள் ஏதோ உடைந்தது. ஈரமாக.

இடமிருந்து வலம்.

"ஆமென்" என்றார்கள் எல்லாரும். மகள் எழுந்தாள். லொரைன் அவள் முகத்தின்மேல் வெள்ளை வலையை இறக்கிவிட்டாள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள்.

வலைக்குப் பின்னால், நெற்றியில், சாம்பல் நிறத்தில் சிலுவை. தடித்தது. மெல்ல மூச்சுவிட்டது.

பிறகு அதிலிருந்து, மயிரைவிட மெல்லிய வெள்ளை இழைகள். ஒன்று. இன்னொன்று. பத்து. வலையின் கண்கள் வழியே வெளியே நீண்டு, காற்றில் சற்றே தயங்கி, எல்லாம் ஒன்றுபோலப் பெர்னார்ட் நின்ற பக்கம் திரும்பின.