மேல்மாடியில் எடுத்த வீடியோ

மினியாபொலிஸிலிருந்து கிளம்பி, டுலூத் நகரின் ஏரிக்கரைச் சாலையில், பனி அள்ளும் வண்டி போன தடத்திலேயே காரை ஓட்டி மதியவாக்கில் தம்பி ஆர்வில்லின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் இங்கா. போன மாதம் அம்மா இறந்த வீடு. மருந்து வாடை இன்னும் போகவில்லை.

"டிவி தானா ஓடுது இங்கா. நாம எழுதினதுதானே, என்னன்னு பாரு."

கல்லூரி நாட்களில் அக்காவும் தம்பியுமாகத் எழுதத் தொடங்கிய மீடியா பிளேயர் அது, டிவியில் படம் ஓட்டும் மென்பொருள். காசில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து படிக்கலாம். ஒளிவுமறைவே இல்லை என்பதில் இருவருக்கும் அத்தனை பெருமை.

ரிமோட்டை எடுத்து, உள்ளே இருந்த கோப்புகளைத் துழாவினாள். மறைத்து வைத்திருந்த ஒரு வீடியோ தட்டுப்பட்டது.

"அத விட்டுடு," என்றான் ஆர்வில். முகம் வெளுத்திருந்தது.

அவள் அழுத்திவிட்டாள்.

மேல்மாடிக் கட்டில். கம்பளிக்குள் எலும்பும் தோலுமாக அம்மா. "இங்கா எங்கடா? அவளுக்கு ஒரு போன் போடு."

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஆர்வில்லின் குரல்: "போட்டேன்மா. உன்னப் பாக்கப் பிடிக்கலன்னுட்டா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இங்காவுக்கு அப்படி ஒரு போன் வரவே இல்லை. அம்மா நோயில் படுத்திருந்ததைக்கூட அவன் சொல்லவில்லை. தூக்கத்தில் போய்விட்டாள் என்றுதான் சொன்னான்.

"ஏன்டா?"

"நீ வந்தா அம்மாவ உன்னோட கூட்டிட்டுப் போயிருவ. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

"பாவி! மூணு மணி நேரத்துல வந்து நின்னிருப்பேனேடா!"

திரையில் அம்மா மெல்லத் திரும்பினாள். கேமராவைப் பார்க்கவில்லை.

சோபாவில் இருந்த இங்காவைப் பார்த்தாள்.

"வந்துட்டியா?"

இங்கா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

படம் நிற்கவில்லை.

கோட்டுகூட மாட்டாமல் வெளியே ஓடினாள். "என்னத் தனியா விட்டுட்டுப் போகாத!" என்று வாசல்வரை வந்து கத்தினான் ஆர்வில். அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

மினியாபொலிஸில் தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது இருட்டு ஹாலில் டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதே கட்டில். கம்பளிக்குள் ஆர்வில், உதடு நீலம் பாரித்து.

"இங்காவக் கூப்பிடு..."

உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

மணி திரைக்குள் அடித்தது.

தலைமாட்டில் இருந்த போனை நோக்கி அவன் விரல்கள் ஊர்ந்தன. கேமராவுக்குப் பின்னாலிருந்து சுருக்கம் விழுந்த ஒரு கை வந்து, போனை எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தது.

"அவ வரமாட்டாளாம்பா," என்றது அம்மாவின் குரல். "உன்னப் பாக்கப் பிடிக்கலயாம்."