வாசலில் ஊற்றிய சாராயம்

நுரைச்சோலைக் கடற்கரையில் இன்னாசித்தம்பியின் வீடு மட்டும் தனியாக நின்றது. கிடுகுக் கூரை, மண் சுவர், வாசலில் இருந்து கடல்வரைக்கும் வெறும் மணல். ஒரு பின்னேரம் அங்கே மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. கருவாடு வாங்கிப் புத்தளத்துக்குக் கொண்டுபோகும் ஸலாஹுதீன் இறங்கி, மடியில் இருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தா தம்பி. கொழும்புல கெடச்சது. குடிய உடுறதுக்கு ஒரு வெள்ளக்கார டாக்டர் எழுதினதாம். நம்மட பாஷையில அச்சடிச்சிரிக்கான்."

"நீங்க தொடாத சாமானாச்சே நானா. உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?"

"ஒண்ட பொஞ்சாதி முந்தல் ஊருல தாய் வீட்டுல இரிந்து அழுறா. அவவுக்காகத்தான்."

அது உண்மைதான். நத்தார்ப் பண்டிகை முடிந்த பிறகு ஒரு காலையில் கத்தரினா பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது சண்டை பிடிக்கவில்லை. "தலவில கோயில் அன்னம்மாள் திருநாளுக்கு முன்னம் இத விட்டீங்களெண்டா வாறன். விடாட்டி, நான் செத்தாலும் என்ர முகத்தில முழிக்க வேணாம்" என்று மட்டும் சொன்னாள். இன்னாசித்தம்பி அதற்கு முன்பும் பலதரம் சத்தியம் பண்ணியவன். குடிகாரன் சத்தியம் பண்ணுவது சளி பிடித்தவன் மூக்குச் சிந்துவதைப் போலத்தான், அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். ஆனால் அவள்மேல் அவனுக்கு உயிர். அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த முறை குடிக்கத் தவறணைப் பக்கம் போகாமல் புத்தகத்தைத் திறந்தான்.

முதல் பாடம் சுலபமாக இருந்தது. ஆசை வரும்போது அதற்குப் பயந்து ஓடாதே. குவளையை நிரப்பு. உன் குடியால் கெட்டுப்போன ஒருவரின் பெயரை உரத்துச் சொல். பிறகு குவளையை உன் வாசலில் கொட்டிவிடு.

எழுதிய வெள்ளைக்காரனுக்கு இந்தக் கரையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கொண்டுவந்து கொடுத்த ஸலாஹுதீனும் சாராயம் புழங்காத வீட்டு மனிதர். இங்கே கடலில் போய் உடல் கிடைக்காதவனுக்கு, வருசத்தில் ஒருநாள், ஆத்துமாக்கள் திருநாளன்று சாராயம் ஊற்றுவார்கள். பெயரைச் சொல்லி, அலை நனைக்கும் இடத்தில் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். உப்புத் தண்ணீரில் கிடப்பவனுக்குத் தாகம் அதிகம். வாங்கிக் குடித்துவிட்டு அப்படியே போய்விடுவான். வீட்டு வாசலில் மட்டும் யாரும் ஊற்றமாட்டார்கள், அது ஆளை உள்ளே வரச்சொல்லுவதாகிவிடும்.

இன்னாசித்தம்பிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் அச்சில் ஏறியதற்கு ஒரு மதிப்பு இருக்கிறதே. அது சடங்கு, இது மருந்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பொழுது சாயும் நேரம் கை நடுங்கத் தொடங்கியது. வீட்டில் மிச்சம் இருந்த சாராயத்தால் குவளையை நிரப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தான். மனைவியின் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"பஸ்தியான்" என்று வந்தது.

பஸ்தியான் கத்தரினாவின் ஒரே தம்பி. போன வருசம் இவனோடு ஒரே வள்ளத்தில் போய்த் திரும்பி வராதவன். வள்ளம் சரிந்தது, மச்சான் விழுந்துவிட்டான், விடியும்வரை தேடினேன் என்று இன்னாசித்தம்பி கரையில் விழுந்து அழுதான். ஊர் நம்பியது. கத்தரினாவும் நம்பினாள்.

குவளையைச் சரித்தான். மணல் அதை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டது. ஈரமும் இல்லை, வாடையும் இல்லை. அத்தோடு நடுக்கமும் நின்றது. அன்று அவன் குழந்தை மாதிரித் தூங்கினான்.

மறுநாளும் ஊற்றினான். அதற்கு மறுநாளும் ஊற்றினான். கண் தெளிந்தது, கை நிதானப்பட்டது. கிழிந்துகிடந்த வலையை எல்லாம் எடுத்துப் பொத்தினான். இதைப் பார்த்த ஸலாஹுதீன் முந்தலுக்குச் செய்தி அனுப்பினார்.

ஆனால் காலையில் மணலில் ஈரக் காலடிகள் கிடந்தன. அலையில் இருந்து ஏறி, பாதி வழியில் நின்றிருந்தன. பிறகு ஒருநாள் முற்றம்வரை வந்திருந்தன. அழுகிய பாசியின் நாற்றம் வீட்டைச் சுற்றியது. பொழுதுபட்டதும் கூரையில் இருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம் கேட்டது. அது மழை பெய்யாத மாசி மாதம்.

பயந்துபோய்ப் புத்தகத்தைப் புரட்டினான். அதற்கும் அதில் பதில் இருந்தது. குடியை விட்ட புதிதில் இல்லாததைக் காண்பாய், இல்லாத சத்தத்தைக் கேட்பாய். பொருட்படுத்தாதே, பாடத்தைத் தொடர்ந்து செய்.

தொடர்ந்து செய்தான்.

காலடிகள் வாசற்படிக்கு வந்துவிட்டன.

கடைசிப் பாடத்தைச் செய்த நாளில்தான் கத்தரினாவும் வந்தாள். ஸலாஹுதீனின் வண்டியில், மனம் நிறைய ஆசையோடு வந்தாள். மணலில் சில்லுப் புதைந்ததால் வண்டியையும் ஸலாஹுதீனையும் தென்னைகளுக்குள் விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தாள். வெளியே சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. புருசன் முன்வாசலில் முழங்காலில் நின்றான். செபம் சொல்கிறான் என்று நினைத்து, குழப்பாமல் நின்றாள்.

உன் குடியால் கெட்டுப்போனவர் முன்னால் இருப்பதாக நினைத்து, யாருக்கும் சொல்லாததைச் சொல்லிவிடு என்பது அந்தக் கடைசிப் பாடம்.

"மச்சான்," என்றான் இன்னாசித்தம்பி மெதுவாக. "அண்டைக்கு நான் உன்னத் தேடல்ல. நீ தண்ணிக்குள்ள கிடந்து கூப்பிட்டது எனக்குக் கேட்டது. கனதரம் கேட்டது. போத்தல்ல கொஞ்சம் மிச்சம் இருந்தது. அத முடிச்சிட்டு எழும்புவம் எண்டு கிடந்தன். முடிச்சுப்போட்டுப் பாக்கேக்க உன்ர சத்தம் இல்ல."

கத்தரினாவின் கையில் இருந்த பெட்டி நழுவித் தரையில் விழுந்தது.

அவன் கையில் இருந்த குவளை சரிந்தது. ஒரு துளிகூட மணலுக்குப் போய்ச் சேரவில்லை.

பாசி நாற்றம் வீடெல்லாம் நிறைந்தது.

"இப்ப நான் கூப்பிடுறன் மச்சான்."

வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுகிற குரல். ஆனாலும் அது தன் தம்பியின் குரல்தான் என்று கத்தரினாவுக்கு உடனே தெரிந்தது.

"எழும்பு."

இன்னாசித்தம்பி எழும்பினான். அவன் எழும்ப விரும்பவில்லை. கதவு நிலையைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. யாரோ தோளில் கைபோட்டுக் கூட்டிப்போவதுபோல ஒருபக்கம் சாய்ந்து மணலில் இறங்கி நடந்தான். கடல் அசையாமல் கிடந்தது. முழங்கால் அளவு தண்ணீரில்தான் தலையைத் திருப்பினான். வாசலில் நின்ற மனைவியைக் கண்டான்.

"கத்தரினா."

இடுப்பளவு.

"கத்தரினா, என்னப் பிடி."

அவள் நன்றாக நீந்துவாள். தூரமும் அதிகம் இல்லை. அவள் ஒரு கதிரையை இழுத்து வாசலுக்கு நேராகப் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டு ஸலாஹுதீன் தென்னைகளுக்குள் இருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். அதற்குள் கடலில் ஒன்றும் இல்லை. மணலில் இரண்டு சோடிக் காலடிகள் பக்கத்தில் பக்கத்தில் இறங்கிப் போயிருந்தன.

"அல்லாஹ்வே. அவன் கூப்பிட்டது ஒனக்குக் கேக்கலியா புள்ள?"

"கேட்டது நானா," என்றாள் கத்தரினா.



அவனுடைய உடலும் கிடைக்கவில்லை. கார்த்திகையில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. கத்தரினா அலை நனைக்கும் இடத்துக்குப் போய், தம்பியின் பெயரைச் சொல்லி ஊற்றினாள். ஈரம் மெதுவாகப் பரவியது, சாராய வாடை மூக்கில் ஏறியது. எல்லோருடைய வீட்டுச் சாராயமும் மணலில் காய்வதைப் போலவே அதுவும் காய்ந்தது. பஸ்தியானுக்கு இனித் தாகம் இல்லை என்று அவளுக்கு விளங்கியது. அப்போதுதான் முதல்முறையாகத் தம்பிக்காக ஆறுதலாக அழுதாள்.

அழுது முடித்தபோது, காலடிக்குப் பக்கத்தில் மணல் உள்வாங்கி ஒரு சின்னக் குழி விழுந்தது. அலை அதற்குள் வந்து போனது. குழியின் ஓரங்கள் ஒரு வாயைப்போலக் குவிந்தன, விரிந்தன, மறுபடியும் குவிந்தன.

குவளையில் இன்னும் பாதி இருந்தது.

அவள் அதைக் கொட்டாமல் பத்திரமாக ஏந்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தாள். பின்னால் மணலில் ஏதோ இழுபட்டு வரும் சத்தம் கேட்டது. பெயரும் சொல்லாமல், ஊற்றவும் செய்யாமல் வைத்திருந்தால் அந்த ஆத்துமாவால் படியேற முடியாது. அவள் கதவைத் திறந்தே வைத்து, அது பார்க்கும்படி குவளையை உள்ளே மேசைமேல் வைத்தாள்.

விடியும்வரை படிக்குக் கீழே புருசனின் குரலில் அவளுடைய பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது.