ஆறாவது ஜாடியின் நீலம்

பாக்கியலட்சுமி மாடிப்படி ஏறி வந்தபோது மணி ஒன்று. ஐந்து மணிக்குள் தன் கணவரைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கெர்பாவ் சாலையில் மசாலா அரைக்கும் கடைக்கு மேலே இருந்தது ஜெயரத்தினத்தின் அறை. இருபத்திரண்டு ஆண்டுகள் காப்புறுதி நிறுவனம் ஒன்றில், எரிந்த கிடங்குகளின் சாம்பலைக் கிளறி, தானாகப் பிடித்த தீ எது, வைத்த தீ எது என்று பிரித்துச் சொன்னவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். அன்று அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் வடிவேலு. ஜாலான் புசாரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். மொழிபெயர்ப்பு நாவல்களை வாடகைக்கு எடுத்து வாசித்து வாசித்து, துப்பறிவதென்றால் பனிமூட்டமும் குதிரை வண்டியும் வேண்டும் என்று நம்பியிருந்தான். 1961 ஜூலை வெயிலில், மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு துப்பறிவது அவனுக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனாலும் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

"அழாமச் சொல்லுங்கோ, தங்கச்சி. உங்கட அவருக்கு என்ன வேலை?" என்றார் ஜெயரத்தினம்.

"கேலாங்கில ஹமீது முதலாளியோட கயித்து ஆலை இருக்குல்ல, அங்க ஸ்டோர்கீப்பர். பேரு பாலகிருஷ்ணன். கஞ்சா வெதை வச்சிருக்கிற குளிர் ரூம் அவரு பொறுப்புலதான்."

வடிவேலு நிமிர்ந்து உட்கார்ந்தான். "கஞ்சாவா? ஐயோக்கா!"

"லைசன்ஸ் இருக்குலா! கயித்துக்கு நார் குடுக்கிற ஜாதி அது," என்று அவள் வெடுக்கென்று சொன்னாள்.

பிறகு நிதானமாக விளக்கினாள். கப்பல் கயிற்றுக்கான நார் வெளிநாட்டிலிருந்து வருகிறது. என்றாவது வரத்து நின்றுபோனால் தானே பயிரிட விதை வேண்டும் என்று முதலாளி அப்துல் ஹமீது நினைத்தார். சிறப்பு உரிமம் வாங்கி, 1955இல் பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகளில் விதையை நிரப்பி, மெழுகால் மூடி முத்திரையிட்டுக் குளிர் அறையில் வைத்தார். ஆண்டுக்கு ஒரு ஜாடி. எண் வரிசைப்படி ஜூலையில் திறப்பார்கள். நூறு விதையை எடுத்து ஈரமான மை ஒற்றும் தாளில் பரப்பி, ஒரு வாரத்தில் எத்தனை முளைத்தது என்று பார்ப்பார்கள். ஐந்து ஆண்டுகளாகத் தொண்ணூறுக்குக் குறையவில்லை.

"போன வெள்ளிக்கிழமை ஆறாவது ஜாடியைத் தொறந்தாங்க. இன்னிக்கோட ஒரு வாரம். ஒண்ணுகூட மொளைக்கலே. கிளறிப் பாத்தா உள்ள ஒரு தினை கெடந்துச்சு. சோதனை அறையில இருக்கிற அலீம் பாத்தவொடனே சொல்லிட்டாரு, 'இது பறவைத் தீவனக் கடையில விக்கிற கஞ்சா வெதை. மொளைக்கக்கூடாதுன்னு அவிச்சுத்தான் விப்பாங்க'ன்னு. நல்ல வெதையைத் திருடி வெளிய வித்துட்டு, தீவனத்தைப் போட்டு மூடிட்டாருன்னு எங்க வீட்டுக்காரர் மேல பழி. சாவி அவருகிட்டதானே இருந்துச்சு? காலையில முதலாளி அதையும் புடுங்கிட்டாரு. அஞ்சு மணிக்குள்ள வெதையைக் கொண்டாந்து வைக்கலேன்னா போலீசுன்னு முதலாளி சொல்லிட்டாரு. கஞ்சா கேஸுண்ணே. உள்ள போனா வெளிய வருவாரா?"

ஜெயரத்தினம் குடையை எடுத்தார். "வடிவேலு, டாக்ஸியைக் கூப்பிடும்."

கயிற்று ஆலை ஒரு லோரோங்கின், அதாவது சந்தின், கோடியில் இருந்தது. குளிர் அறை வாசலில் நின்ற பாலகிருஷ்ணனின் உதடுகள் காய்ந்திருந்தன. "நான் எடுக்கலே" என்ற இரண்டு சொற்களைத் தவிர அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

முதலாளி அனுப்பிய ஆள் கதவைத் திறந்துவிட்டான். சன்னலே இல்லாத அறை. விளக்கைப் போட்டதும் அலமாரியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரையிலான ஏழு ஜாடிகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் விதைகளுக்கு மேலே மெல்லிய வலைத் துணிப் பையொன்றில் படிகங்கள், கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தன.

"இதென்ன, கல்கண்டு மாதிரி?" என்றான் வடிவேலு.

"சிலிக்கா ஜெல்லுங்க. ஜாடிக்குள்ள இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும்," என்றார் பாலகிருஷ்ணன். தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு நாக்கு வந்தது. "புதுசா இருக்கிறப்போ நீலம். ஈரம் ஏற ஏற வெளுத்து ஊதாவாகும், கடைசியில ரோஸ். அப்போ எடுத்து அடுப்புல காயவச்சா திரும்ப நீலமாயிடும்."

வடிவேலு ஜாடிகளின் முன்னால் அங்குமிங்கும் நடந்தான். நிறம் என்று வந்தால் அவன் கண் வேறு கண். "ஐயா, ஏழுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வெளுத்த ஊதா. இந்த ஆறு மட்டும் பளிச்சுன்னு மயில் கழுத்து நீலம். போன வாரம் தொறந்து மூடின ஜாடிக்கு இவ்வளவு நீலம் எப்படி? இன்னொண்ணு பாருங்க. எல்லா ஜாடியிலயும் நம்பர் சிவப்பு மையில எழுதியிருக்கு. ஆறு மட்டும் வெளிறிப்போச்சு."

"மட்டமான மையாயிருக்குமோ?"

"ஒரே கை, ஒரே மை. இது வெயில் தின்ன சிவப்பு, ஐயா. பலகையில மொதல்ல சிவப்புதான் போகும்."

ஜெயரத்தினம் பாலகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். "இந்த அறைச் சாவி இதுக்கு முன்னம் எப்பவாவது உங்கட கையை விட்டுப் போனதோ?"

"தங்கச்சி கல்யாணத்துக்குக் கப்பல்ல நாகப்பட்டினம் போயிருந்தேன். பிப்ரவரியில போயி மே மாசம் வந்தேன். அப்போ ஆராய்ச்சி அதிகாரி சேதுபதி சார்கிட்ட இருந்துச்சு. அவரு தங்கமான மனுசனுங்க."

சோதனை அறையில் அப்துல் அலீம் ஒரு கூண்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மெர்போக் புறா ஒன்று தலையைச் சாய்த்து வடிவேலுவைப் பார்த்தது. கூண்டின் கீழே ஒரு பொட்டலம் தீவனம்.  வெளியே வந்ததும் வடிவேலு ஜெயரத்தினத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, கேஸ் முடிஞ்சுது! தீவனம் அவருகிட்டயே இருக்கு!"

"மணி மூன்றரை. முடிஞ்சால் நல்லதுதான். ஆனால் அவிச்ச விதை எண்டு முதல்ல சொன்னது ஆர்?"

வடிவேலு வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

சேதுபதியின் அறை மேற்கு பார்த்தது. சாய்ந்த வெயில் சன்னல் வழியாக மேசைவரை வந்திருந்தது. அவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. சுவரில் சட்டம் போட்ட கடிதம் ஒன்று தொங்கியது. செப்டம்பரில் லண்டன் மாநாட்டில், விதையைப் பல்லாண்டு உயிரோடு காப்பது பற்றிப் பேச வரும்படி அழைப்பு.

"பாவம், பாலகிருஷ்ணன். குடும்பஸ்தர்," என்றார் சேதுபதி. "ஆனா விதை வெளிய போயிருந்தா நம்ம லைசன்ஸே போயிடும். போலீசுக்குச் சொல்லித்தான் ஆகணும். தேநீர் சாப்பிடுறீங்களா?"

ஜெயரத்தினம் தேநீர் குடித்தார், மெதுவாக, பஞ்சமில்லாமல் நேரம் இருப்பவர்போல. வடிவேலுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுற்றிலும் பார்த்தான். சன்னல் விளிம்பின் பச்சை வண்ணம் வெயிலில் வெளுத்துப் பொடிந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு வட்டமாக, நேற்று அடித்ததுபோல் கரும்பச்சை. மேசைமேல் மை ஒற்றும் தாள்கள் ஓர் அடுக்கு. மேல் தாளில் வட்டம் வட்டமாக வெட்டி எடுத்திருந்தார்கள். மேசையின் கீழ் இழுப்பறை மட்டும் பூட்டியிருந்தது.

தேநீர்க் கோப்பை காலியானது. "முதலாளியின்ர அறைக்கு எல்லாரும் வருவீங்களோ?" என்றார் ஜெயரத்தினம். "அலீமையும் கூப்பிடுங்கோ."

நாலரை மணி. அப்துல் ஹமீது பருத்த உடம்போடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கதவோரம் பாக்கியலட்சுமி கணவரின் சட்டைக் கையை, பிடித்திருப்பது தெரியாமலே பிடித்திருந்தாள்.

"சுருக்கமாச் சொல்லுங்க," என்றார் ஹமீது. "வெதை எங்க?"

"அதுக்கு முதல் ஒரு கேள்வி, முதலாளி. நீங்கள் அந்தக் குளிர் அறையில திருடுறதெண்டால் எந்த ஜாடியை எடுப்பீங்கள்?"

"என்னய்யா கேள்வி இது? நான் ஏன் என் வெதையைத் திருடணும்?"

"சும்மா யோசிச்சுப் பாருங்கோ. ஆறாவது இந்த வருசம் திறக்கவேண்டியது. பன்னிரண்டாவதை 1967 வரைக்கும் ஒருத்தரும் தொடமாட்டினம். விதையை விக்கிறவன் பன்னிரண்டாவதைத்தானே எடுப்பான்? வரிசை பாலகிருஷ்ணனுக்கு மனப்பாடம். இந்த வருசமே பிடிபடுற ஜாடியில அவர் ஏன் கை வைக்கவேணும்?"

ஹமீதின் விரல்கள் தொலைபேசியை விட்டு நகர்ந்தன.

"ஆகவே மாத்தினவர் ஒளிக்க நினைக்கேல்லை. ஜூலையில அந்த ஜாடியை எல்லாருக்கும் முன்னால திறக்கவேணும், விதை முளைக்கவேணும் எண்டு நினைச்சவர். தீவனக் கடை விதையும் உயிருள்ளது எண்டு நம்பிப் போட்டார். அவிச்சது எண்டு அவருக்குத் தெரியாது. பறவை வளர்க்கிற அலீமுக்கு அது தெரியும். அலீம் மாத்தியிருந்தால், முளைக்காத விதையைப் போட்டிருக்கமாட்டார்."

அலீம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ். என் புறா பேரைச் சொல்லி ஒருத்தன் தப்பிச்சிட்டான், பாருங்க."



"நல்ல விதை இருக்கிற ஜாடியில வேற நல்ல விதையைப் போட ஆருக்குத் தேவை? உள்ள இருந்தது செத்துப்போச்சு எண்டு தெரிஞ்சவருக்குத்தான் தேவை. எப்படிச் செத்தது? வடிவேலு, நீர் கண்டதைச் சொல்லும்."

 இந்த நிமிடத்தை வடிவேலு எத்தனையோ முறை கனவு கண்டிருக்கிறான். கனவில் இப்படி வியர்த்ததில்லை. "ஆறாவது ஜாடியோட சிவப்பு நம்பர் வெளிறியிருக்கு. இருட்டு ரூம்ல இருந்தா வெளிறாது. மாசக்கணக்கா வெயில்ல நின்னிருக்கு. உள்ள இருக்கிற ஜெல் மத்ததைவிட ரொம்ப நீலம். யாரோ ஜாடியைத் தொறந்து, புதுசாக் காயவச்ச ஜெல்லைப் போட்டு மூடியிருக்காங்க." அவன் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான். "சேதுபதி சார் சன்னல்ல, வெயில் படாத ஒரு வட்டம் இருக்கு. ஜாடியைக் கொண்டாந்து வச்சா சரியாப் பொருந்தும்."

"சன்னல்ல பூத்தொட்டி இருந்துச்சு," என்றார் சேதுபதி. குரல் நடுங்கவில்லை.

"பூத்தொட்டியா சார்?" அலீம் உண்மையான வியப்போடு திரும்பினார். "மார்ச் மாசம் பத்திரிகைக்காரங்க போட்டோ எடுத்தப்போ அங்க ஜாடிதானே இருந்துச்சு? காட்சிக்கு வச்ச ஜாடின்னுல்ல நெனச்சேன்."

 

"அப்படின்னா உண்மையான வெதை எங்கய்யா?" ஹமீது எழுந்துவிட்டார். "வித்தாச்சா?"

"இல்லை, முதலாளி. அதை வெளியில கொட்டவும் ஏலாது, எரிக்கவும் ஏலாது. சாக்கடையில ஒண்டு முளைச்சாலும் கஞ்சா கேஸ், எரிச்சால் புகை காட்டிக்குடுக்கும். அதோட ஒரு ஆராய்ச்சிக்காரருக்கு இன்னொரு வியாதி இருக்கு. செத்துப்போச்சு எண்டு தெரிஞ்சாலும் விடமாட்டார், திரும்பத் திரும்பப் பார்ப்பார். முளைப்புச் சோதனை நடக்கிறது அலீமின்ர அறையில. பிறகு சேதுபதியின்ர மேசையில ஏன் வட்டம் வட்டமாய் மை ஒற்றும் தாள் வெட்டியிருக்கு? சேதுபதி, அந்தக் கீழ் இழுப்பறையின்ர சாவியைத் தருவீங்களோ?"

 சேதுபதி சட்டைப்பையிலிருந்து சிறிய சாவியொன்றை எடுத்து, யாரையும் பார்க்காமல் மேசைமேல் வைத்தார்.

இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய விதை இருந்தது. பக்கத்தில் மூடிபோட்ட தட்டு. ஹமீதின் மேசைக்குக் கொண்டுவந்து ஜெயரத்தினம் மூடியைத் திறந்தார்.

ஈரத் தாளில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து விதை. பாலகிருஷ்ணன்தான் முதலில் குனிந்து பார்த்தார். இரண்டாவது வரிசையில் ஒன்று, ஏழாவதில் ஒன்று, ஒன்பதாவதில் ஒன்று. நூல் மாதிரி வெள்ளையாக, வளைந்து எட்டிப் பார்த்த முளைகள்.

"மூணு," என்றார் அவர்.

"மே மாசம் மொத தடவை போட்டுப் பாத்தப்போ ஒண்ணுமே வரலே," என்றார் சேதுபதி. இப்போது குரல் உடைந்திருந்தது. "போட்டோவுக்காக எடுத்து வச்சேன். திரும்ப உள்ள வைக்க மறந்துட்டேன். லண்டன் நேரத்துல பூஜ்யம்னு எப்படி எழுதறது? கடைக்குப் போனேன். இந்த மூணும் முந்தாநேத்துதான் வந்துச்சு. சொல்லிடலாம்னு நெனைக்கிறதுக்குள்ள..."

"அதுக்குள்ள இவரைப் பிடிச்சுக் குடுத்தாச்சு," என்று பாக்கியலட்சுமி முடித்தாள். "மொளை வந்த பெறகும் ரெண்டு நாள் வாயத் தொறக்கலியே, சார்."



"ஜாடியைத் தொடாமல் அப்படியே திறந்திருந்தால் நூற்றுக்கு மூன்று எண்டு வந்திருக்கும்," என்றார் ஜெயரத்தினம். "முதலாளி உங்களை ஒரு நாள் ஏசியிருப்பார்."

"ரெண்டு நாள்," என்றார் ஹமீது கனத்த குரலில். பிறகு தொலைபேசியை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார். "உரிம அலுவலகத்துக்கு நாளைக்கு நானே நேர்ல போறேன். சேதுபதி, நீங்களும் வர்றீங்க. நடந்ததை நடந்தபடி உங்க வாயாலயே சொல்லணும்." அவர் பாலகிருஷ்ணனை நோக்கித் திரும்பினார். காலையில் அவரிடமிருந்து பறித்த குளிர் அறைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார்.

பாலகிருஷ்ணன் சாவியை வாங்கிக்கொண்டார். முதலாளியின் அலமாரியிலிருந்து முளைப்புப் பதிவேட்டை எடுத்து விரித்தார். ஆறாவது ஜாடிக்கு எதிரே காலையில் எழுதப்பட்ட பூஜ்யத்தின் மேல் ஒரு கோடு போட்டார்.  கோடு கோணலாக விழுந்தது.

அதன் பக்கத்தில், சுவர்க் கடிகாரம் ஐந்து அடிக்கும்போது, மூன்று என்று எழுதினார்.