கடைசி கேன் தண்ணீர்

போன் அடித்தது.

மெக்கானிக் ஒரு ஜீப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தான். டிஃபரென்ஷியலிலிருந்து பழைய ஆயில் கறுப்பாய் ஒழுகித் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவன் அவசரப்படவில்லை. காலையிலிருந்து அந்த அழைப்புக்காகத்தான் காத்திருந்தான்.

வெளியே வந்து கையைத் துணியில் துடைத்தான். போனில் 'மாமா' என்று மின்னியது.

அக்காவின் புருஷன்.

"சொல்லுங்க மாமா."

"மாப்ள... வண்டி நின்னுடுச்சுடா."

மாமாவின் குரலுக்குப் பின்னால் காற்று விர்ரென்று இரைந்தது.

"எங்க இருக்கீங்க?"

"கல்வெளிக்குள்ள ரொம்ப தூரம் வந்துட்டேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் பாறையும் மண்ணும்தான். டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போச்சு. அப்புறம் புகை..."

"புகையா, ஆவியா?"

"என்ன எழவோ. வெள்ளையா வந்துச்சு."

"ஆவிதான். பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல."

சொல்லும்போதே அவன் உதட்டோரம் சிரிப்பு வந்தது.

காடு, மலை, பாலை என்று வண்டியோடு கிளம்புகிற பைத்தியங்கள் அத்தனை பேரும் அவனிடம்தான் வருவார்கள். ஸ்பிரிங்கை உயர்த்துவது, பெரிய டயர் மாட்டுவது, முன்னால் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் பொருத்துவது எல்லாவற்றிலும் அவன் கை பேசும். போன வாரம் முழுக்க மாமாவின் பிக்கப் வண்டியோடுதான் குடித்தனம். புது ஷாக் அப்சார்பர், இன்ஜினுக்கு அடியில் கல் படாமல் இரும்புத் தகடு, ஆற்றில் இறங்கினாலும் மூச்சு முட்டாமலிருக்க கூரைவரைக்கும் காற்றுக் குழாய், பின்பக்கத் தொட்டிக்கு அடியில் தண்ணீர் டேங்க். பார்த்துப் பார்த்துச் செய்தான்.

கூடவே வேறு வேலையும் செய்தான்.

ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கழற்றி, உள்பக்கம் பிளேடால் சீவி, காகிதக் கனத்துக்குக் கொண்டுவந்து திரும்ப மாட்டினான். தண்ணீர் டேங்கின் குழாயில் ரப்பர் வாஷரை எடுத்துவிட்டான். ரோடு நன்றாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. குலுங்க ஆரம்பித்தால் இரண்டும் வேலையைக் காட்டும்.

டவர் இல்லாத இடத்திலும் பேச மாமா இந்த முறை வாங்கியிருந்த சாட்டிலைட் போனில் மட்டும் கை வைக்கவில்லை. மாமா கூப்பிட வேண்டும். அந்தக் குரலை அவன் கேட்க வேண்டும்.

"பானெட்டைத் திறந்தீங்களா மாமா?"

"திறந்தேன். ரேடியேட்டர் காலி."

"அவ்வளவுதானே. பின்னாடி டேங்க் நிறைய தண்ணி ரொப்பி விட்டிருக்கேனே."



"அதுலயும் சொட்டுத் தண்ணி இல்லடா. வழி பூரா ஒழுகியிருக்கு."

"அடடா. கல்லு தெறிச்சுக் குழாய்ல பட்டிருக்கும். கேன்ல இருக்கா?"

"ரெண்டு கேன் இருக்கு. குடிக்கிற தண்ணி."

"ஒண்ண ரேடியேட்டர்ல ஊத்துங்க."

"விளையாடறியா? இந்த வெயில்ல குடிக்கிற தண்ணியப் போய்..."

"யோசிச்சுப் பாருங்க. வண்டி கிளம்பிட்டா சாயங்காலம் ஊருக்கு வந்து தொட்டி நிறையக் குளிக்கலாம். கிளம்பலைன்னா அந்தக் கேனை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

கேன் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. தண்ணீர் களக் களக்கென்று இறங்கியது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"ஊத்திட்டேன்."

"ஸ்டார்ட் பண்ணுங்க."

இன்ஜின் உறுமியது. அவன் கட்டிய இன்ஜின். அந்த உறுமல் அவனுக்குத் தெரியும்.

"மாப்ள, கீழ ஊத்துதுடா. எல்லாத் தண்ணியும் மண்ணுல போகுது."

"ஆஃப் பண்ணுங்க. கீழ் ஹோஸ் விட்டிருக்கும். டூல் பாக்ஸ்ல கறுப்பு டேப் இருக்கு பாருங்க. இறுக்கிச் சுத்துங்க."

டேப் கிழிபடும் சத்தம். மாமா முனகினார். ஹோஸ் சுடும். நன்றாகவே சுடும்.

"சுத்திட்டேன். கை பொத்துப்போச்சு."

"இப்ப அந்தக் கடைசி கேனை ஊத்துங்க."

"இதுவும் போயிட்டா?"

"மாமா, என்னைக்காவது என் வேலை தப்பாப் போயிருக்கா?"

கடைசி கேனும் இறங்கியது. இன்ஜின் உறுமியது. அப்புறம் மாமாவின் அலறல்.

"போச்சுடா. எல்லாம் போச்சு."

மெக்கானிக் நிதானமாக நடந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கினான். ஏதோ காரிலிருந்து கழற்றிப் போட்ட சீட் ஒன்று மூலையில் கிடந்தது. அதில் சாய்ந்து, காலை டயர் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டான்.

"இப்ப நாக்கு வறளுதா மாமா?"

"என்னடா கேள்வி இது? ஆளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பி வா."

"வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அக்கா ஞாபகம் வருதா?"

காற்று மட்டும் இரைந்தது.

போன கோடையில் இதே கல்வெளிக்கு இதே வண்டியில் இரண்டு பேர் போனார்கள். ஒருத்தர் திரும்பி வந்தார். பேட்டரி செத்துப் போனதாம். மனைவியை வண்டி நிழலில் உட்கார வைத்துவிட்டு உதவிக்கு ஆள் தேடி நடந்தாராம். திரும்பி வருவதற்குள் அவள் தாகத்தில் செத்துக் கிடந்தாளாம். மாமா சொல்லிச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டார். அவரைக் கட்டிப் பிடித்து மெக்கானிக்கும் அழுதான்.

அப்புறம் வண்டியை எடுத்து வரப் போனான்.

பேட்டரி சாகவில்லை. சீட்டுக்குப் பின்னால், மொத்த மின்சாரத்தையும் வெட்டுகிற சுவிட்ச் அணைந்திருந்தது. அவனே பொருத்தியது. எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது என்று மாமாவுக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். சுவிட்சைப் போட்டுச் சாவியைத் திருப்பினான். முதல் தடவையிலேயே வண்டி கிளம்பியது.

போலீசுக்குப் போனான். "சுவிட்ச் ஆஃப்ல இருந்தா அது கொலையாப்பா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"அவளைப் பத்தி இப்ப எதுக்குடா?" என்றார் மாமா.

"இப்பதான் பேசணும். அந்த சுவிட்சை அணைச்சது யாரு?"

"எந்த சுவிட்ச்?"

"சரி, வச்சுடறேன். நல்லா இருங்க."

"டேய், வைக்காத. வைக்காதடா." மாமா உடைந்தார். "நான்தான்... நான்தான் அணைச்சேன்."

மெக்கானிக் காலைக் கீழே இறக்கினான்.

"ஏன்?"

"என்னை விட்டுட்டுப் போறேன்னு சொன்னா. வக்கீலைக்கூடப் பார்த்துட்டா. யாருடா என்னை விட்டுட்டுப் போறது?" அழுகையில் வார்த்தை குழறியது. "உதவிக்கு ஆள் கூட்டிட்டு வர்றேன்னு கேனை எல்லாம் எடுத்துக்கிட்டேன். சரின்னு தலையாட்டினா. சீக்கிரம் வாங்கன்னு சொன்னா."

"அப்புறம் எங்க போன?"

மரியாதை உதிர்ந்துவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

"எங்கயும் போகல. மேட்டுக்குப் பின்னாடி பாறை நிழல்ல உட்கார்ந்திருந்தேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. தொண்டை போனப்புறம் ஸ்பேனரை எடுத்து பானெட்டைத் தட்ட ஆரம்பிச்சா. டங்கு டங்குன்னு... ராத்திரி பூரா தட்டினா. விடிஞ்சும் தட்டினா. அப்புறம் நின்னுடுச்சு. அதுக்கு அப்புறம்தான் எந்திரிச்சேன்."



அன்று வண்டியை எடுத்து வந்தபோது பானெட்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. கல் தெறித்தது என்று நினைத்தான். உள்ளிருந்து சுத்தியலால் தட்டி, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து, அக்காவின் கடைசிக் கூப்பாட்டைத் தன் கையாலேயே அழித்திருந்தான்.

"மாப்ள. ஒத்துக்கிட்டேன்டா. ஜெயிலுக்குப் போறேன். வந்து கூட்டிட்டுப் போ."

"ஜெயில்ல வேளாவேளைக்குத் தண்ணி குடுப்பாங்க மாமா."

"டேய்..."

"அந்த ஹோஸ் தானா விடல. நான்தான் உள்பக்கம் பிளேடால சீவினேன். டேங்க் வாஷரை உருவினதும் நான்தான். டேப்பு ஒட்டாதுன்னு தெரிஞ்சுதான் சுத்தச் சொன்னேன். ரெண்டு கேனையும் உன் கையாலயே மண்ணுல ஊத்த வைக்கணும்னு ஒரு வாரமா கனவு கண்டேன். எல்லாம் நினைச்ச மாதிரி நடந்துச்சு."

"நான் செத்துடுவேன்டா."

"அதுக்குத்தானே அனுப்பினேன். உன்னைக் கொல்லத்தான் அனுப்பினேன். யாரும் வர மாட்டாங்க. பக்கத்துல ஸ்பேனர் கிடந்தா எடுத்துக்க. தட்டு. உனக்கும் யாராவது மேட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்திருப்பாங்க."

போனில் அழுகை நின்றது.

பிறகு மாமா செருமினார். குரல் தெளிவாக, ஈரமாக, இப்போதுதான் எதையோ குடித்து முடித்தவர்போல் வந்தது.

"இது போதுமா சார்?"

"தாராளம்" என்றது இன்னொரு குரல்.

மெக்கானிக் எழுந்து நின்றான். இடி விழுந்ததுபோல் இருந்தது.

"யாரு? மாமா, யாரு கூட?"

"ஸ்டேஷன்ல இருக்கேன் மாப்ள. கல்வெளிக்குத் திரும்புற முக்குல ஒரு டயர் கடை இருக்கே, காத்தைக் குறைக்கலாம்னு நிறுத்தினேன். அந்த ஆளு கீழ தண்ணி சொட்டுறதைப் பார்த்துப் பானெட்டைத் தூக்கி, ஹோஸை அமுக்கிப் பார்த்துட்டு, யாரு சார் உங்க மேல இவ்வளவு பாசமா இருக்கிறதுன்னு கேட்டான்."

"காத்து சத்தம் கேட்டுச்சே..."

"ஃபேன்டா. கொஞ்சம் பழைய ஃபேன். வண்டி வாசல்ல நிக்குது. பாவம், ரெண்டு கான்ஸ்டபிள் தண்ணி தூக்கியே ஓஞ்சு போயிட்டாங்க."

ஷட்டருக்கு வெளியே ஜீப் வந்து நின்றது. பூட்ஸ் கால்கள் தெரிந்தன.

ஷட்டர் மேலே போனது.

லாக்கப்பில் அவன் தொண்டை கிழியக் கத்தினான். "அவன் ஒத்துக்கிட்டான் சார். என் அக்காவைக் கொன்னதை அவன் வாயாலயே சொன்னான். நீங்களும்தானே கேட்டீங்க?"

இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொண்டார். "அது உன்னைப் பேச வைக்கிறதுக்காகச் சொன்னதுய்யா. ஹோஸ் கிழிஞ்சிருந்தா அது கொலை முயற்சியாயிடுமா? உன் வாக்குமூலம் வேணும். நீ அவரைக் கொலைகாரன்னு நம்பிக்கிட்டிருக்க, ஆமான்னு சொன்னா நீ வாயைத் திறப்பேன்னு அவர்தான் ஐடியா குடுத்தார்."

"பானெட்ல பள்ளம் இருந்துச்சு சார். ஸ்பேனரால தட்டின பள்ளம். நான் யார்கிட்டயும் சொல்லல."

"அவர் வண்டி பானெட்டை அவர் பார்த்திருக்க மாட்டாரா? சரி, எங்க அந்தப் பள்ளம்? காட்டு."

அதன் மேல் அவன் பூசிய பெயின்ட் கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தது.

தண்டனை சொன்ன அன்று, கோர்ட் வராந்தாவில் கைவிலங்கோடு நின்றிருந்தவனைப் பார்க்க மாமா வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. கையில் ஒரு தண்ணீர் பாட்டில். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளிடம் பணிவாகக் கேட்டார்.

"குடும்ப விஷயம் சார். ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

கான்ஸ்டபிள் மரியாதையாகத் தள்ளி நின்றார்.

மாமா அவன் காதருகே குனிந்தார்.

"அன்னிக்கு போன்ல சொன்னேனே மாப்ள... ஒரு வார்த்தை பொய் இல்ல."



"இத்தனை நாளா நெஞ்சுக்குள்ளயே கிடந்து அறுத்துச்சுடா. யார்கிட்டயாவது கொட்டணும் போல இருந்துச்சு. ஸ்டேஷன்ல நாலு போலீஸ்காரங்களுக்கு நடுவுல உட்கார்ந்து கொட்டினேன். இன்ஸ்பெக்டர் துண்டுச் சீட்டுல எழுதிக் காட்டினார், இன்னும் கொஞ்சம் அழுங்கன்னு. முடிச்சதும் கை குடுத்தார்."

"டேய்ய்ய்..."

விலங்கோடு பாய்ந்தான். கான்ஸ்டபிள் ஓடிவந்து பின்னாலிருந்து அமுக்கினார். மெக்கானிக் சுவரில் முட்டி விழுந்தான். மாமா சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார். மிச்சத்தைப் பூந்தொட்டியில் ஊற்றிவிட்டுப் படியிறங்கினார்.

"அவன்தான் சார் கொன்னான். இப்பகூடச் சொன்னான் சார். நிஜம்னு சொன்னான்..."

கான்ஸ்டபிள் அவனைத் தூக்கி நிறுத்தினார். படியிறங்கிப் போகிற மாமாவின் முதுகை ரசித்துப் பார்த்தார்.

"அன்னிக்கு நானும் அந்த ரூம்லதான்யா இருந்தேன். அப்படியே நம்பிட்டேன். இந்த மனுஷன் சினிமாவுக்குப் போயிருக்க வேண்டியவர்."