மல்லிகை ஏற்றிப் போன கார்

காலை 6.40. தனிச்சியம் தாண்டி, வாடிப்பட்டி போகிற ரோட்டோரம் ஒரு பழைய கார் வயல் வரப்பில் முட்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்தார் பூ வியாபாரி ராஜபாண்டி. உடம்பில் ஒரு கீறல் இல்லை. உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் பாதி காலியான காபி ஃபிளாஸ்க்.

அந்த ஃபிளாஸ்க்தான் வினையாகிப்போனது. அதில் காபி ஊற்றிக் கொடுத்தது மருமகள் நாகஜோதி. ராஜபாண்டியின் மனைவி சீனியம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் ஊரையே கூட்டிவிட்டாள். ஒரு மாதமாகவே மனுசனுக்குத் தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு. மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ எடுத்துக்கொண்டு வாடிப்பட்டிக் கடைக்குப் போகும்போது வரும்; காலி வண்டியில் திரும்பும்போது வராது. போகும்போதுதானே காபி குடிக்கிறார்? அதோடு, சீனியம்மாளின் தம்பி கருப்பு கூடப் போகிற நாளில் அவருக்கு எதுவும் ஆவதில்லை. அன்றைக்கு இரண்டு பேருமே அந்தக் காபியைக் குடிப்பார்கள்.

"தனியாப் போற அன்னிக்கு மட்டும் கலக்கிக் குடுக்குறா" என்றாள் சீனியம்மாள்.

கேட்ட யாருக்கும் கணக்கு சரியாகத்தான் பட்டது. எனக்கே பட்டிருக்கும், பொய் சொல்வானேன். நாகஜோதியை வாடிப்பட்டி ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் ரிமாண்ட் செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து போன். அவளுடைய கைக்குழந்தையை மாமியார் பிடுங்கிக்கொண்டாள். துபாயில் இருந்த புருஷனோ அம்மா சொன்னதை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான். பால் கட்டி நெஞ்சு வலிக்க, அவள் பிள்ளையைக் கேட்டு அழுதாள்.

சப் இன்ஸ்பெக்டர் தமிழ்வாணிக்கு இந்த அவசரம் பிடிக்கவில்லை. காபியைச் சோதிக்க அனுப்பிவிட்டு, நேரே காரிடம் போனார். கதவைத் திறந்ததும் மல்லிகை வாசம் ஆளைத் தூக்கியது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு முழுக்கப் பூ மூட்டை. ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார். ஒரே ஒரு மூட்டையின் அடியில் மட்டும் கரி அப்பியிருந்தது. கான்ஸ்டபிள் அழுக்கு என்றார். தமிழ்வாணி அதை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

அடுத்து, வாய் சிவக்க வந்து நின்ற கருப்பு.

"நீங்க கூடப் போற அன்னிக்கு வண்டில என்ன வித்தியாசம்?"

"ஒண்ணுமில்ல மேடம். வழி பூரா மச்சான்கிட்ட திட்டு வாங்குவேன்."

"எதுக்கு?"

"வெத்தலை போடுறவன், துப்பணும்ல? கண்ணாடிய இறக்கியே வச்சிருப்பேன். காத்துப் பட்டா மொட்டு விரிஞ்சு அம்புட்டுப் பூவும் வீணாப் போகும்னு கத்துவாரு."

"அவரு தனியாப் போனா?"

"நாலு கண்ணாடியும் ஏத்தித்தான் இருக்கும்."

"திரும்பி வரும்போது?"

"காலி வண்டிதான? எல்லாத்தையும் இறக்கிருவாரு."

தமிழ்வாணி காரின் நாலு கண்ணாடியையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு மெக்கானிக் சின்னானை வரச் சொன்னார்.

சின்னான் ஆறியிருந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத்துணியால் அமுக்கிப் பிடித்தார். போக வழியில்லாத புகை, ஓட்டை இருந்தால் அங்கே சீறும். சீறியது. சத்தம் வந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் பூசியதும் நுரை புசுபுசுவென்று பொங்கியது. புகைக்குழாயில் நகம்கூட நுழையாத ஒரு விரிசல். அதற்கு நேர் மேலே காரின் தரைத்தகட்டைத் துரு தின்றிருந்தது. அதற்கு மேலேதான் அந்தக் கரி அப்பிய பூ மூட்டை இருந்திருக்கிறது.

அடேயப்பா, இம்புட்டூண்டு விரிசலா ஒரு ஆளைச் சாய்த்தது! பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கிறது.

ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் தமிழ்வாணி சொன்னார்: "விஷம் வச்சது மருமக இல்ல. இந்தக் கார்தான்."

இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசமில்லை. கூட வருகிற புகை நாற்றத்தை மல்லிகை அமுக்கிவிட்டது. பூ வாடக் கூடாதென்று ராஜபாண்டி கண்ணாடியை ஏற்றி, அந்தக் காற்றைத் தன்னோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டார். கருப்பு வந்த நாளிலும் திரும்புகிற வழியிலும் கண்ணாடி இறங்கியிருந்ததால் பிழைத்தார். எல்லாரும் காபியைப் பார்த்தார்கள், கண்ணாடியை யாரும் பார்க்கவில்லை. காலையில் எடுத்து வைத்த ரத்தத்தை டாக்டர் மறுபடி சோதித்தார். அந்த வாயுவேதான்.

ஆக்சிஜன் ஏறி மத்தியானம் ராஜபாண்டி கண் விழித்தார். சின்னான் கெட்டுப்போன குழாயை அறுத்துப் புதுசு வைத்து வெல்டிங் செய்தார். தரைத்தகட்டையும் அடைத்தார். மறுபடி பூசிய சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழிகூட எழவில்லை.

சீனியம்மாள் குழந்தையோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். பிள்ளையை நீட்டினாள். நாகஜோதி வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தமிழ்வாணியைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க போய்ப் பாக்கலேன்னா இந்நேரம் நான் ஜெயில்லதான?"

"ஆமாம்மா" என்றார் தமிழ்வாணி.

"வா, வீட்டுக்குப் போவோம்" என்றாள் சீனியம்மாள், தரையைப் பார்த்தபடி.

நாகஜோதி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கீழக்குயில்குடியில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.