கழித்தது போக

அறிக்கை மூன்றாவது முறையும் அதையேதான் சொன்னது: கதிரியக்கம் கண்டறியப்படவில்லை.

எரிச்சலில் அவள் பல்லைக் கடித்தாள். அளப்பதற்காக அவள் கொண்டுவந்த டப்பாவில் இருந்தது அப்பா வேலை பார்க்கும் பழைய இரும்புக் கடையின் தூசி. அவர் உள்ளங்கைப் புண் ஆறு வாரமாக எந்த மருந்துக்கும் மசியவில்லை.

“மெஷினே இல்லைங்குது. உன் படிப்பு அதைவிடப் பெருசாம்மா?” ஆய்வகத் தலைவர் சிரித்துக்கொண்டே சாப்பிடக் கிளம்பினார்.

“மெஷின் என்ன பண்ணுதுன்னு நீங்க என்னைக்காவது பாத்திருக்கீங்களா சார்?”

கதவு மூடிக்கொண்டது.

ஏசியின் முனகல், தரை துடைத்த மருந்தின் நெடி, ஈயப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த அளவுக்கருவியின் விட்டு விட்டு வரும் சீறல், எல்லாம் சேர்ந்து அவளை நெருக்கிக்கொண்டு நிற்க, அவள் மென்பொருளின் உள்ளமைப்பைத் தோண்டினாள். தினமும் காலையில் அது காலிப் பெட்டியை அளக்கிறது. அங்கே தெரிவதெல்லாம் அறையின் இயல்பான கதிர்வீச்சு என்று தானே முடிவுகட்டி, அன்றைய எல்லா மாதிரிகளிலிருந்தும் கழித்துவிடுகிறது. யாரையும் கேட்பதில்லை. கேட்கவும் ஆளில்லை.

கழித்தலை நிறுத்தினாள்.

திரையில் இரண்டு சிகரங்கள் ஊசியாக எழுந்தன. கதிர்வீசும் கோபால்ட்.

டப்பாவை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, காலிப் பெட்டியை அளந்தாள். அதே சிகரங்கள். அதே உயரம்.

அப்படியானால் தூசி இல்லை. இந்த அறைதான்.

தலைவரைக் கூப்பிடக் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். திரையில் எண்ணிக்கை சரிந்திருந்தது. ஓரடி உள்ளே வைத்தாள். ஏறியது. இன்னோரடி. ஏறியது.

பின்னால் போனாள். இறங்கியது.

பை. தினமும் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டும் பை. அதில் சாவிக்கொத்து. கொத்தில், ஆறு வாரத்துக்கு முன் அப்பா கடையில் பொறுக்கி, தேய்த்துத் துளைபோட்டுக் கொடுத்த பளபளப்பான உலோகத் துண்டு.

“டிகிரி வாங்கின பொண்ணுக்கு அப்பாவோட மெடல். இன்னொண்ணு உங்க அக்கா குழந்தைக்கு.”

பை கையிலிருந்து நழுவியது. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, பாப்பாவுக்கு அப்பா குடுத்த துண்டு எங்க?”

“அதுவா? பல்லு முளைக்குதுல்ல. விடாம கடிச்சுக்கிட்டே கெடக்கா. புடுங்கினா ஊரையே கூட்டுறா. ஏன்டி?”



போனுக்குள், வெகு அருகில், ஈரமான சத்தம்.

சப். சப். சப்.