வலது முழங்காற்சில்லு

மாவுக்கட்டுக்குள்ளிருந்து பால்வாசனை வந்தது.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் காலை. டிங்சர் மணக்க வேண்டிய அந்தத் தனியறையில், அப்போதுதான் கறந்த பாலின் வெதுவெதுப்பான மணம், சன்னலுக்கு அப்பால் பெங்களூரின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு ஆடிச்சாரல் சொட்டும் ஓசையோடு கலந்து, டாக்டர் ஸ்ரீகண்டனின் நாசியில் ஏறியது. மனைவி அனந்தலக்ஷ்மியின் வலக்காலைத் தொடையிலிருந்து கணுக்கால்வரை இறுக்கியிருந்த கட்டின்மேல் அவர் குனிந்தார். முழங்கால் இருக்குமிடத்தில் வட்டமாய் ஓர் ஈரம்.

"பாலைக் கொட்டிண்டியா?"

"காபியே இன்னும் வரலை. பாலுக்கு நான் எங்கே போவேன்?" என்றாள். பிறகு மெல்ல, "நான் நடப்பேனோன்னோ?"

"நடப்பே. பசை இரும்பாப் பிடிக்கும்."

மாடிப்படியில் விழுந்தவளின் முழங்காற்சில்லு, கம்பியிட்டு இணைக்கவும் இயலாதபடி பொடியாகியிருந்தது. அமெரிக்க நண்பர் பரிசோதனைக்கென அனுப்பிய எலும்புப் பசை அவரிடம் இருந்தது, ஒட்டுவதற்குத்தான் எலும்பில்லை. அன்றே ஆலை விபத்தில் இறந்து பிணவறையில் கிடந்த அய்யாவுவின் முழங்காலைத் திறந்து, சில்லை எடுத்து, தைத்து மூடினார். எவரையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது அய்யாவுவின் மனைவியை, அதே ஆஸ்பத்திரியின் ஆயா சந்திரம்மாவை. சாம்பற்குடத்து எலும்பைப் பெண்ணாக எழுப்பிய ஈசனைத் துதித்துக்கொண்டேதான் அந்தச் சில்லை மனைவியின் முழங்காலில் ஒட்டினார்.

வாசலில் நிழல் விழுந்தது. ஈரத்தலையோடு சந்திரம்மா. இடுப்பில் மஞ்சள் துணி கட்டிய புதுக் கலயம்.

"தீட்டு, உள்ள வரலீங்க டாக்டரய்யா. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். காலைல பால் தெளிச்சோம். கால்லேர்ந்து தலை வரைக்கும் ஒவ்வொரு எலும்பாப் பொறுக்கி இந்தக் கலயத்துல சேத்தோம். சோத்துக்கைப் பக்கம் முழங்கா சில்லு மட்டும் காணலீங்க. அந்த எடத்துல ஊத்துன பாலும் நிக்கல. எங்கியோ போயிடுச்சு."

"எரிஞ்சிருக்கும்."

"வெட்டியானும் அதையேதான் சொல்றான். மத்ததெல்லாம் இருக்குதே?" அவள் கலயத்தை மாற்றிப் பிடித்தாள். "சில்லு இல்லாம எப்படிங்க நடந்து போவாரு? சரி, ரோசக்காரரு, அவரே தேடிக்குவாரு. வழியெல்லாம் கூப்ட்டுக்கினே வந்தேன்."

மாவுக்கட்டை உள்ளிருந்து கீறும் ஓசை.

ஈரம் பட்டால் இன்னும் இறுகும் பசை அது. இனிக் காலை வெட்டாமல் அந்தச் சில்லைப் பிரிக்க முடியாது. துதிக்க வாய் திறந்தார். முதற்சொல் எழவில்லை.

மீண்டும் கீறல். மாவு உதிர்ந்தது.

"ஏன்னா... நான் அசைக்கலை."

முழங்கால் மடங்கியது. பாதம் தரையைத் தொட்டது.

ஊன்றியது.

அனந்தலக்ஷ்மி இரு கைகளாலும் கட்டிற்கம்பியைப் பற்றிக்கொண்டாள். கால் வாசலை நோக்கி நடந்தது. கட்டிலின் சக்கரங்கள் அதன் பின்னே உருண்டன. தரையில் பாற்சுவடு. ஒன்று. மற்றொன்று.

வாசலில் சந்திரம்மா கலயத்தின் மஞ்சள் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.